கடைசி அறையின் கவனிப்பு

கோவில்பட்டியைத் தாண்டிக் கயத்தாறு போகிற நாலுவழிச் சாலையில், பருத்தி எடுத்து முடிந்து மொட்டையாகக் கிடந்த கரிசல் காட்டுக்கு நடுவே அந்த விடுதி தனியாக நின்றது. ‘மேகலா ஹைவே இன்’ என்ற பலகையில் நீலம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. உச்சி வெயில். மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. செல்வக்குமார் காரை வேப்பமரத்து நிழலில் நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

“இப்பவும் ஒண்ணும் ஆகிறல. ஊருக்குள்ள வேற லாட்ஜ் பாப்பமா?”

“நீங்க மாசாமாசம் தங்குத எடம்தான. எனக்கு மட்டும் ஆகாதோ?” என்றாள் இசக்கிசெல்வி. அவளே முதலில் இறங்கினாள்.

செல்வக்குமாருக்கு விதை, பூச்சிமருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை. வீடு மதுரையில். மாதம் ஒருமுறை கோவில்பட்டி, பசுவந்தனை, நாகலாபுரம் பக்கத்துக் கடைகளைச் சுற்றிவிட்டு இந்த விடுதியில்தான் படுப்பான். அதில் செல்விக்கு ஆரம்பத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. அவள் தம்பி சுடலைக்குமார் ஒருதடவை வேன் பழுதாகி இங்கே தங்கியதிலிருந்துதான் வந்தது வினை. “அதெல்லாம் ஒரு லாட்ஜாக்கா? குடிக்கத் தண்ணி கேட்டா ஆள் வரமாட்டேங்கான். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்திப்போச்சு. அத்தான் எப்படித்தான் இங்கன தங்குதாவளோ” என்றான்.

அன்று முதல் அவள் கணவனின் பெட்டியை வேறு கண்ணால் பார்த்தாள். அவள் தையல்காரி. வீட்டு மாடியிலேயே கடை. துணி என்றால் அவளுக்குக் கை பேசும். ஊருக்குப் போய்த் திரும்பும் அவன் சட்டைகள் துவைத்து, தேய்த்து, மடித்து வந்தன. அந்த மடிப்பு அவன் மடிப்பு இல்லை. கடைக்காரன் மடிப்பும் இல்லை. இரண்டு கைகளையும் மார்பின்மேல் கட்டி வைத்ததுபோல, ஆசையாக, ஒரு பெண் மடித்த மடிப்பு.

அவள் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வான், பொய் சொன்னால் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை. கோவில்பட்டி விதைக்கடை நல்லக்கண்ணு அண்ணாச்சி மகளுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வந்தபோது மட்டும் சொன்னாள். “நானும் வாரேன். நீங்க தங்குத எடத்துலயே தங்குவோம்.”

முன்னறையில் மின்விசிறி சுற்றாமல் நின்றது. மேசைக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர் அழகிரிசாமி. வந்தவர்களை ஏறிட்டுப் பார்க்கவே அவருக்கு நேரம் எடுத்தது.

“வாங்க சார். மேல கதவு தெறந்துதான் கெடக்கு” என்றவர், அவன் பின்னால் நின்றவளைக் கண்டதும் செல்போனைக் கவிழ்த்து வைத்தார். “இவிய யாரு?”

“என் வீட்டுக்காரி.”

அழகிரிசாமி எழுந்து நின்றுவிட்டார். “கீழ ரூம் தாரேன் சார். மேல வேண்டாம்.”

“ஏன்?” என்று கேட்டாள் செல்வி.

அவர் பதிலை அவளுக்குச் சொல்லவில்லை. அவனைப் பார்த்தே சொன்னார். “மேல ஏசி ஓடாது. தண்ணி சரியா வராது. கூப்பிட்டா ஆள் வரமாட்டான்.”

“இத்தன நாளும் ஓடாத ஏசியிலயா இவிய படுத்து எந்திரிச்சாவ? மேலயே இருக்கோம் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு அவள் படியேறினாள். அவளுடைய பெட்டியைத் தூக்கிவர யாரும் முன்வரவில்லை. படிகளில் தூசி படிந்திருந்தது. துடைப்பம் பட்டு எத்தனையோ நாளாகியிருக்கும். நடைபாதை ஓரத்தில் பழைய தலையணைகள் குவிந்து கிடந்தன. பல்லி எச்சம். எங்கோ குழாய் சொட்டும் சத்தம்.

கடைசி அறை மட்டும் வேறு மாதிரி இருந்தது.

தரை கண்ணாடியாகத் துடைத்திருந்தது. ஜன்னல் திரையை வெயில் வராமல் இழுத்துவிட்டு, காற்று வருவதற்கு ஒரு விரற்கடை விட்டிருந்தார்கள். ஏசி ஓடவில்லை, ஆனாலும் மண்பானைக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் குளுமை. சலவைத் துணி வாசனையோடு மருக்கொழுந்து வாசம் கலந்து வந்தது.

கட்டிலில் ஒரே ஒரு தலையணை. ஒரு துண்டு. மேசையில் மூடிவைத்த ஒரு தம்ளர் தண்ணீர்.

செல்வக்குமார் செருப்பைக் கழற்றும்போதே அவன் முகம் இளகுவதை அவள் பார்த்தாள். வீட்டுக்குள் வரும்போது அந்த முகம் அப்படி இளகி அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

“ரெண்டு பேருக்கு ஒரு தலையணையா?” என்று கேட்டுவிட்டுக் கீழே போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு யாரோ எடுத்தார்கள். பேசவில்லை. ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஒரு சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டார்கள்.

அவளே கீழே இறங்கினாள். மேசையில் அழகிரிசாமி இல்லை. பின்கட்டில் போய்க் குரல் கொடுத்தாள். பதில் இல்லை. அடுக்களைப் பக்கம் ஒரு அலமாரியில் துண்டுகள் இருந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு, நடைபாதைக் குவியலில் சுமாரான தலையணை ஒன்றையும் பொறுக்கிக்கொண்டு அறை வாசலுக்கு வந்தாள். இப்படி ஒரு விடுதியை அவள் கண்டதில்லை.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

அவளுடைய பெட்டி வெளியே, சுவரோரமாக வைக்கப்பட்டிருந்தது.

அவள் தட்டினாள். வெகுநேரம் தட்டியபிறகு செல்வக்குமார் கண்ணைக் கசக்கிக்கொண்டு திறந்தான்.

“ஏன் தாழ்ப்பாள் போட்டீங்க?”

“நான் எங்க போட்டேன்? அப்படியே கண்ணசந்துட்டேன்.”

“என் பெட்டிய வெளிய வச்சது யாரு?”

அவன் பெட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் பெட்டியைக் கட்டிலில் போட்டுத் திறந்தாள். கல்யாணத்துக்குக் கட்ட வைத்திருந்த பட்டு, ரவிக்கை, பாவாடை எல்லாம் எடுத்துப் பிரித்து, திரும்ப மடித்து அடுக்கப்பட்டிருந்தன. கைகளை மார்பின்மேல் கட்டிய அதே மடிப்பு. போகிறவளுக்குப் பெட்டி கட்டிக் கொடுப்பதுபோல் அவ்வளவு நேர்த்தி.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பயம் அப்போது வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

“யாரு அவ?”

“யாரு?”

“ஒங்க சட்டைய மடிக்கவ. தண்ணி மூடி வைக்கவ. நான் ஒண்ணும் பச்சப்புள்ள இல்ல. சொல்லுங்க.”

செல்வக்குமார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். “சத்தியமா யாரையும் நான் கண்ணால பாத்ததில்ல செல்வி. கடைகளுக்குப் போயிட்டு வருவேன். துணி தொவைச்சுத் தேய்ச்சிருக்கும். படுக்கை விரிச்சிருக்கும். ஒருதடவ காய்ச்சலா கெடந்தேன். முழிச்சுப் பாத்தா நெத்தியில ஈரத்துணி. இங்கன உள்ள வேலக்காரவங்கதான்னு நெனைச்சேன்.”

“நெனைச்சீங்களா?”

“நெனைச்சுக்கிட்டேன்.” அவன் குரல் தாழ்ந்தது. “எனக்குப் பிடிச்சிருந்துச்சு. யாரோ ஒருத்தர் நமக்காகக் காத்திருக்க மாதிரி.”

அவன் வேறொருத்தியின் பெயரைச் சொல்லியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். இது தாங்க முடியவில்லை. வீட்டில் அவன் இரவு வந்து சேரும்போதெல்லாம் தையல் எந்திரத்தை நிறுத்தாமலே “சோறு அடுப்புல இருக்கு” என்று சொல்லியது அவளுக்கு நினைவு வந்தது. அவள் யாருக்காகத் தைத்தாள்? யாருடைய கார்க் கடனுக்காகத் தைத்தாள்?

“அப்ப நான் காத்திருக்கலையா?”

அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். அறையிலிருந்த துண்டை. அவள் கொண்டுவந்ததை இல்லை.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. செல்வி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எதிரே நிலைக்கண்ணாடி. அதன் சட்ட ஓரத்தில் ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது. சிவப்பு. நடுவில் வெளுத்துப்போனது. அதை நகத்தால் சுரண்டி எடுத்துக் கீழே போட்டாள்.

குளியலறையில் செல்வக்குமார் ஏதோ மெட்டை முனகினான். அவனுக்குப் பழக்கம்தான்.

கூடவே இன்னொரு குரலும் முனகியது.

மெல்லிய குரல். அவன் மெட்டை விடுகிற இடத்தில் அது எடுத்தது.

அவள் எழுந்து போய்க் கதவை ஓங்கித் தட்டினாள். இரண்டு குரலும் நின்றன. கதவு திறந்தது. இடுப்பில் ஈரத் துண்டும் தலையில் சோப்பு நுரையுமாக அவன் நின்றான். உள்ளே வேறு யாருமில்லை. ஜன்னல்கூட இல்லை.

“என்னட்டி? இப்பத்தான போன?”

“எங்க போனேன்?”

“முதுகு தேய்ச்சிட்டு நீதான போன.”

அவன் திரும்பி நின்றான். முதுகு முழுவதும் நுரை வட்டம் வட்டமாக இருந்தது. அவன் கை எட்டாத இடத்திலும்.

இப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

“வாங்க. போயிருவோம்” என்றாள் மெதுவாக, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

“போவோம். கொஞ்சம் படுத்துட்டுப் போவோம்.” நுரையைக்கூட அவன் முழுதாகக் கழுவவில்லை. கைலியைச் சுற்றிக்கொண்டு, மேசையிலிருந்த தம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். கட்டிலில் சாய்ந்தான். அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். கன்னத்தில் தட்டினாள். அவன் உதட்டில் சிரிப்பு இருந்தது, கண் திறக்கவில்லை. தொட்ட கையில் குளிர் ஏறியது.

அவளுக்குப் பின்னால், நிலைக்கண்ணாடிப் பக்கம், யாரோ குனிந்து கீழே கிடந்ததைப் பொறுக்குவதுபோல் புடவை சரசரத்தது.

அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

அழகிரிசாமி வாசலுக்கு வெளியே, வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கட்டடத்துக்குள் நிற்பதைவிட வெயிலே மேல் என்பதுபோல.

“அண்ணாச்சி, அவிய எந்திரிக்க மாட்டேங்காவ. மேல வாங்க.”

“நான் மாடி ஏற மாட்டேன் தாயி. இங்க வேல பாக்க ஒருத்தனும் ஏற மாட்டான். அதான் கூப்பிட்டா வாரதில்ல. வாரவங்க எல்லாம் எங்களத்தான் ஏசுதாங்க.” அவர் எச்சிலை விழுங்கினார். “அந்த ரூம நான் பூட்டித்தான் வைக்கேன். முதல் தடவ இவருக்குக் கீழ ரூம்தான் குடுத்தேன். காலையில பாத்தா மேல இருந்து எறங்கி வாராரு. கவனிப்பு நல்லா இருக்குன்னு கையில காச வைக்காரு. நான் வாங்கல. அதுல இருந்து இவரு வார அன்னைக்கு மட்டும் பூட்டு தெறந்து கெடக்கு.”

“யாரு அது?”

“வெள்ளைத்தாய்னு பேரு. பழைய மொதலாளி சம்சாரம். நாலுவழிச் சாலை வாரதுக்கு முந்தி கீழ சாப்பாட்டுக் கடை, மேல ரூமு. அம்புட்டு வேலையும் அவதான். ஒருநா மொதலாளி இன்னொருத்தியக் கூட்டியாந்து அந்த ரூம்ல வச்சாரு. இவ ஒரு வார்த்த பேசல. அவளுக்கும் வெந்நி வச்சா. அவ துணியையும் தொவைச்சா. தண்ணிச் செம்ப வச்சுக்கிட்டு அந்தக் கதவுக்கு வெளிய நிப்பா. உள்ள இருந்து தெறக்குத வரைக்கும் நிப்பா. ஒரு உச்சிப்பொழுது, செம்பக் கீழ வச்சுட்டு நேரா நடந்து போயி அந்தா தெரியுதுல்லா, அந்தக் கெணத்துல எறங்கிட்டா.”

கரிசல் காட்டு நடுவே இடிந்த கிணற்றுமேடு வெயிலில் அலை அலையாக ஆடியது.

“அந்த ரூம்ல தனியாத் தங்குத ஆம்பளையத் தாங்கு தாங்குன்னு தாங்குவா. ஜோடியா வந்தா விடமாட்டா. ரெண்டு பேரு வந்தாங்க முன்ன. அந்தப் புள்ளைய வெளிய தள்ளிட்டா. புருசன...” அவர் முடிக்கவில்லை.

செல்வி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. மறுபடி படியேறினாள்.

கதவு தாழிட்டிருந்தது. பெட்டி பழையபடி வெளியே சுவரோரம் வைக்கப்பட்டிருந்தது. அவள் கொண்டுவந்த துண்டும் தலையணையும் அதன்மேல் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன.

அவள் கதவில் காதை வைத்தாள். உள்ளே யாரோ வெறுங்காலோடு நடமாடினார்கள். விரிப்பை உதறும் சத்தம். பிறகு குழந்தையைத் தூங்க வைப்பதுபோல் ஒரு தட்டல். மெதுவாக. மெதுவாக. அவன் மூச்சு ஒவ்வொரு தட்டலுக்கும் நீண்டுகொண்டே போனது. அடுத்த மூச்சு வருவதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது.

தட்டிப் பயனில்லை என்று தெரிந்தது. அவள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு பேசினாள். சத்தம் போடவில்லை.

“வெள்ளைத்தாயி. நான் சொல்லுதத கேளு.”

தட்டல் நின்றது.

“ஒன்ன மாதிரி எனக்குச் செய்யத் தெரியாது. நான் இவருக்கு ஒழுங்கா ஒரு தம்ளர் தண்ணி குடுத்ததில்ல. ஒத்துக்கிடுதேன். நீ மடிச்ச சட்டையப் பாத்துப் பாத்து எத்தன நாளு எனக்கு வயிறு எரிஞ்சிருக்கு தெரியுமா? ஒன்னக் கொன்னுபோடணும்னு நெனைச்சேன். நீ செத்தவள்னு தெரியாம.”

உள்ளே அசைவில்லை.

“இந்த எடத்துல நின்னா எப்படி இருக்கும்னு ஒனக்குத் தெரியும். இங்கன நின்னு நின்னுதான நீ போன. இப்ப பாரு. வெளிய நிக்கது நான்.”

அவள் உள்ளங்கையைக் கதவில் பதித்தாள்.

“உள்ள இருக்கது நீ.”

நெடுஞ்சாலையில் ஒரு லாரி போனது. அந்தச் சத்தம் தேய்ந்து அடங்கும்வரை ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு கதவுக்கு மறுபக்கம், அவள் நெற்றியை வைத்திருந்த அதே உயரத்தில், இன்னொரு நெற்றி வந்து மெல்ல மோதியது.

அப்படியே சாய்ந்திருந்தது.

அழுகைச் சத்தம் என்று சொல்ல முடியாது. ஆழத்திலிருந்து வாளியில் தண்ணீர் தளும்பி ஏறி வருவதுபோல் ஒரு சத்தம். கதவின் அடியிலிருந்து ஈரம் கசிந்து அவள் கால்விரலைத் தொட்டது. அவள் காலை எடுக்கவில்லை.

தாழ்ப்பாள் விலகியது.

அறையில் யாருமில்லை. செல்வக்குமார் மல்லாந்து கிடந்தான். வெள்ளை விரிப்பைக் கால்விரலிலிருந்து கழுத்துவரை சுற்றி, இரண்டு கையையும் மார்பின்மேல் கட்டி வைத்திருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் விரிப்பைக் கிழித்தே எடுத்தாள். அவனைத் தோளில் சாய்த்து, படிப்படியாக இழுத்து இறக்கினாள். கடைசிப் படியில் அழகிரிசாமி வந்து கை கொடுத்தார். வெயிலில் கிடத்தியதும் அவன் இருமினான். அவன் வாயிலிருந்து கிணற்றுப் பாசி வாடையோடு தண்ணீர் கொட்டியது.

கல்யாணத்துக்கு அவர்கள் போகவில்லை. கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் வெயில் தாக்கியிருக்கிறது என்று சொல்லிக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மதுரைக்குத் திரும்பும் வழியில் அவன் கேட்டான். “தூக்கத்துல ஒன் குரல் கேட்டுச்சு. அவகிட்ட என்ன சொன்ன?”

“பொம்பளைங்க பேச்சு. ஒங்களுக்கு எதுக்கு?”

செல்வக்குமார் அந்தப் பக்கத்து வேலையை வேறொருவருக்கு மாற்றிவிட்டான். இப்போது விருதுநகர், சாத்தூர் பக்கம். இரவுக்குள் வீடு திரும்பிவிடுவான். அவன் வரும் சத்தம் கேட்டால் செல்வி எந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வருவாள். சில நாள் மறந்துவிடுவாள். ஆனாலும் அவன் தேய்க்காத சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் சும்மா நிற்கும்போது, அவன் யாரை நினைக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். வயிறு பழையபடி எரியும்.

ஆடி மாதம் தையல் குவிந்தது. ஒருநாள் முடிக்காமல் வைத்துவிட்டுப் படுத்த ரவிக்கைகளுக்குக் காலையில் கொக்கி தைத்திருந்தது. கூட வேலை செய்யும் முத்துசெல்வி வந்து தைத்திருப்பாள் என்று நினைத்தாள். முத்துசெல்வி ஊரிலேயே இல்லை என்பது மத்தியானம்தான் நினைவு வந்தது. எடுத்துப் பார்த்தாள். பொடிப்பொடியான தையல். அவளால்கூட அவ்வளவு நேர்த்தியாகத் தைக்க முடியாது.

மறுநாள் கத்தரிக்கோலுக்குச் சாணை பிடித்திருந்தது. அதற்கடுத்து, வெட்டும்போது கழுத்து வலித்துக் குனிந்திருந்தவளின் பிடரியில் இரண்டு குளிர்ந்த கட்டைவிரல்கள் வந்து அமர்ந்து, வலிக்கும் இடத்தைச் சரியாகத் தேடி அழுத்தின. அவள் உறைந்துபோனாள். கத்த வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் இத்தனை வருஷத்தில் அவள் கழுத்து வலிக்கிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கணவனிடம் சொல்லவில்லை.

நேற்றுச் சாயங்காலம் செல்வக்குமார் சீக்கிரமே வந்துவிட்டான். கையில் அவளுக்கு அல்வா. மாடிக்கு வந்து, எந்திரத்தில் குனிந்திருந்தவளைப் பார்த்துவிட்டு, என்றுமில்லாத பிரியத்தோடு பின்னாலிருந்து அவள் தோளைத் தொட்டான்.

தொட்டவன் “ஸ்” என்று கையை உதறினான்.

“ஏன் செல்வி அடிச்ச?”

அவளுடைய இரண்டு கைகளும் துணியின்மேல், ஊசிக்குப் பக்கத்தில் இருந்தன.

அவன் புறங்கையை விளக்கில் காட்டினான். நான்கு விரல்கள் பதிந்து சிவந்திருந்தன. சிவப்பின்மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அவன் துடைத்தான். மறுபடியும் ஊறியது.